அச்சிட்ட விலையும் வழிச்செலவும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து மறுவிற்பனை விலைச் சட்டம் பற்றி ஓர் ஆய்வு

கோயம்புத்தூரில் சரக்கெடுக்கும் கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரருக்கும், மூணாறில் வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும் வட்டவடைக் கடைக்காரருக்கும் சட்டம் விதிக்கும் உச்ச விலை ஒன்றே. உறையில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு மேல் இருவருமே வாங்கக் கூடாது. முன்னவருக்கு அந்த எண் பெரும்பாலும் பேச்சுக்குத்தான் இருக்கிறது. பக்கத்துக் கடையோடும் கோவையின் பெரிய அங்காடிகளோடும் போட்டியிட வேண்டியிருப்பதால் அதற்குக் கீழேதான் அவர் விற்கிறார். பின்னவருக்கோ அதே எண்தான் லாபத்தின் கடைசி எல்லை. வழிச்செலவையும் அதற்குள்ளேயே அடக்கியாக வேண்டும். ஒரே விதி சமவெளியில் தளர்ந்தும் மலையில் இறுகியும் நிற்பதற்கு நிலப்பரப்பை மட்டும் காரணம் காட்ட முடியாது. அச்சிட்ட விலைக்குள் ஏற்றுச்செலவு அடக்கம் என்று நம் சட்ட மரபு கருதி வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு யார் கையில் தங்குகிறது என்பதை அது ஒருபோதும் கேட்டதில்லை. உச்ச விலை நீடிக்க வேண்டும் என்பதும், அதைக் காக்கும் பொறுப்பைக் கடைசி விற்பனையாளரிடமிருந்து சற்று மேலே, எண்ணை அச்சிட்டவரை நோக்கி நகர்த்த வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விதியின் வரலாறு நீண்டதல்ல. 1976ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் பொட்டலப் பொருள் விதிகள் வந்தன. உள்ளூர் வரி தனி என்று அச்சிட அப்போது இடமிருந்தது. அந்த வரி எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது, கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. 1990இல் எல்லா வரிகளும் உட்பட என்னும் திருத்தம் அந்த வாசலை அடைத்தது. இன்று நடப்பில் உள்ளவை 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும். அவ்விதிகளில் 18ஆம் விதியின் 2ஆம் உட்பிரிவு மறுவிற்பனைக்கு அடிப்படை. சில்லறை வணிகர் மட்டுமல்லாமல் உற்பத்தியாளர், பொட்டலமிடுபவர், இறக்குமதியாளர், மொத்த வணிகர், மற்ற எந்த நபரும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்கிறது அது. ‘மற்ற எந்த நபரும்’ என்பதால் கடையே இல்லாதவரும் இதற்குள் வருகிறார். வாளையாறுக்கு அப்பால் சில்லறைக் கடையில் முழு விலை கொடுத்து ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கி, மலையில் பாக்கெட்டுக்கு 1 ரூபாய் கூட்டி விற்பவர் தன் பெட்ரோல் காசைத்தான் எடுக்கிறார் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அது குற்றமே. அச்சிட்ட விலையை அழிப்பதும் மறைப்பதும் தனிக் குற்றம். விலையைக் குறைத்து ஒட்டுச்சீட்டு ஒட்டலாம். அப்போதும் பழைய எண் தெரிய வேண்டும்.

இவ்வளவு கறாரான விதி அந்த எண் எப்படி வர வேண்டும் என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அரசு விலை குறிக்கும் சில பொருட்கள் நீங்கலாக, எந்த எண்ணை அச்சிடுவது என்பது உற்பத்தியாளரின் விருப்பம். அடக்கவிலையைப் போல மூன்று மடங்கு அச்சிட்டுப் பாதி விலைத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்தாலும் எடையளவு விதி குறுக்கே நிற்காது. ஆகவே இதை விலைக் கட்டுப்பாடு என்பது பொருந்தாது. விலையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒருவருக்கு விட்டுவிட்டு, அதை மீறாமல் காக்கும் கடமையை இன்னொருவரிடம் ஒப்படைத்த ஏற்பாடு என்பதே சரி. 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் திருத்தம், கட்டுப்பாடான அல்லது முறையற்ற வணிக நடைமுறையின் மூலம் ஒரே பொருளுக்கு வேறு வேறு உச்ச விலை அச்சிடுவதைத் தடுக்கிறது. திரையரங்குக்கும் விமான நிலையத்துக்கும் தனி விலைப் புட்டிகள் என்ற வழக்கத்தைக் குறிவைத்து வந்த திருத்தம் அது.

மேல்வரம்புக்கு எடையளவுச் சட்டம் என்றால், கீழ்வரம்புக்குப் போட்டிச் சட்டம். இந்த விலைக்குக் குறைத்து விற்காதே என்று கம்பெனி தன் வணிகரைக் கட்டுப்படுத்துவதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் மறுவிற்பனை விலை விதிப்பு என்று வரையறுக்கிறது. குறைத்தும் விற்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அது அந்த வரையறைக்குள் வராது. வணிகர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு கட்டியதற்காக மாருதி சுஸுகிக்கு 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இதில் இந்தியச் சட்டம் அமெரிக்க வழியில் போகவில்லை என்றும் சொல்ல முடியாது. 1911 முதல் அங்கே தானாகவே குற்றமாக இருந்த கீழ்வரம்பு விலை ஒப்பந்தம், 2007இன் லீஜின் தீர்ப்புக்குப் பிறகு நன்மை தீமை சீர்தூக்கப்படும் ஒன்றாகிவிட்டது. நம் சட்டமும் போட்டிக்குக் கணிசமான கேடு விளையுமா என்றுதான் பார்க்கிறது.

எல்லைப்புறத்துக்கு இதைவிட நெருக்கமானது விநியோக எல்லை. கம்பெனிகள் கோவைக்கு ஒருவர், பாலக்காட்டுக்கு ஒருவர் என்று விநியோகஸ்தரைப் பிரித்து வைக்கின்றன. கோவைச் சரக்கு வேலந்தாவளம் வழியே சித்தூர் வட்டத்துக்குள் மலிவாக வந்தால் பாலக்காட்டு விநியோகஸ்தருக்குக் கோபம் வரும். ஆனால் எடையளவு விதி அதைத் தடுக்கவில்லை. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்து வாளையாறு வரிச் சோதனைச் சாவடியின் லாரி வரிசை மறைந்தபின் வரியும் பெரிய தடையல்ல. மாநிலம் தாண்டிச் சரக்கு விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் பதிவு செய்துகொள்ள வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும், அவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு விளிம்பில் அச்சிட்ட விலை தளர்ந்து கிடப்பதற்கு இந்தத் தடையற்ற மறுவிற்பனையே காரணம் என்பது என் கணிப்பு. அங்கே நுகர்வோரைக் காப்பது விதியைவிட அதிகமாக மறுவிற்பனையாளர்தான்.

மாநில எல்லை அச்சிட்ட எண்ணோடு நேருக்கு நேர் மோதிய தருணங்களும் உண்டு. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரளம் விதித்த வெள்ள நிவாரண வரி 2019 ஆகஸ்டு 1 முதல் 2021 ஜூலை 31 வரை நடப்பில் இருந்தது. 12, 18, 28 விழுக்காட்டு அடுக்குகளில் இருந்த பொருட்களைப் பதிவு பெறாத நுகர்வோருக்கு விற்கும்போது கூடுதலாக 1 விழுக்காடு. நாடு முழுவதற்கும் ஒரே எண் அச்சிட்ட உறையில், ஒரு மாநிலத்தில் மட்டும் உள்ள வரிக்கு இடமேது? 18ஆம் விதியின் 3ஆம் உட்பிரிவு ஒரு வழி தருகிறது. பொட்டலமிட்ட பின் வரி கூடினாலோ புதிதாக வந்தாலோ, அந்த வரியளவுக்கு மிகாமல் திருத்திய விலையை உற்பத்தியாளர் அறிவிக்கலாம். அறிவிக்க வேண்டியவர் உற்பத்தியாளர், கடைக்காரர் அல்ல. ஒரு மாநிலத்தின் 1 விழுக்காட்டுக்காகத் தனி அறிவிப்புத் தர உற்பத்தியாளருக்கு ஆர்வம் இல்லாவிட்டால், வரியைக் கட்ட வேண்டிய கடைக்காரர் அதைத் தன் லாபத்திலிருந்துதான் தர வேண்டும். மீனாட்சிபுரத்தில் தெருவுக்கு அந்தப் பக்கம் இல்லாத சுமை இந்தப் பக்கக் கடைக்கு இரண்டாண்டு இருந்தது. சட்டத்தின் கட்டமைப்பை இது அப்படியே காட்டிக்கொடுக்கிறது: எண்ணைத் திருத்தும் உரிமை ஒருவரிடம், திருத்தாததன் இழப்பு இன்னொருவரிடம்.

மற்றொன்று தண்ணீர். கேரளப் புட்டித் தண்ணீர் உற்பத்தியாளர் சங்கம் 2018இலேயே 1 லிட்டரை 12 ரூபாய்க்குத் தருவதாக அறிவித்தது. கடைகளில் அது நிலைக்கவில்லை. 2020இல் மாநில அரசு புட்டித் தண்ணீரை அத்தியாவசியப் பொருளாக்கி 13 ரூபாய் என்று விலை குறித்தது. வழக்கமாக 20 ரூபாய்க்கு விற்றுவந்த பொருள். 2021 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பொட்டலப் பொருளின் விலை தொடர்பான அதிகாரம் எடையளவுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசுக்கு உரியது என்ற வாதம் அங்கே எடுபட்டது. தமிழ்நாடு விலை குறிக்கும் வழியில் போகாமல், 2013இல் அம்மா குடிநீரை 10 ரூபாய்க்குத் தானே விற்று விலையை அழுத்தியது. கேரளமும் தொடுபுழையை அடுத்த மலங்கரையில் அரசு நிறுவனம் தயாரிக்கும் ஹில்லி அக்வாவை ரேஷன் கடை வழியாக 10 ரூபாய்க்குத் தரும் வழிக்கு வந்தது. சட்டம் போட்டு எண்ணைக் குறைப்பதைவிடப் போட்டிக்கு ஒரு புட்டியை இறக்குவது எளிது போலும். 

இனி மலைக்கு வருவோம். அச்சிட்ட விலை எங்கே கடிக்கிறது என்பதைத் தொலைவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பொருளின் எடைக்கும் விலைக்கும் உள்ள விகிதமே முக்கியம். தேயிலைத்தூள், சோப்பு, ஷாம்பூ போன்றவை கிலோவுக்கு விலை அதிகமானவை. அவற்றை ஜீப்பில் எங்கே ஏற்றினாலும் வழிச்செலவு விலையில் சிறு துளி. உப்பு, கோதுமை மாவு, தண்ணீர் ஆகியவை கனமும் மலிவும் சேர்ந்தவை. கணக்குக்காக 30 ரூபாய் அச்சிட்ட 1 கிலோ உப்பை எடுத்துக்கொள்வோம். கடைக்காரரின் லாபம் பத்தில் ஒரு பங்கு என்றால் 3 ரூபாய். வாகன வாடகையும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியும் சேர்த்துக் கிலோவுக்கு 3 ரூபாய் ஆனால் கையில் எதுவும் மிஞ்சாது. ஏழை வீட்டில் முதலில் வாங்கப்படும் பொருட்களில்தான் விதி மிக இறுக்கமாகிறது என்பது இதன் விளைவு.

அந்த நெருக்கடியில் கடைக்காரர் முன் மூன்று வழிகள்தாம் உண்டு. பொருளை வைக்காமல் விடலாம். விதியை மீறலாம். அல்லது அச்சிட்ட விலை இல்லாத பொருளின்மேல் சுமையை ஏற்றலாம். உதிரி அரிசி, வெல்லம், காய்கறி, முட்டை ஆகியவற்றுக்கு உறையும் இல்லை, எண்ணும் இல்லை. கம்பம், போடி வழியாகக் குமுளிக்கும் பூப்பாறைக்கும் ஏறும் சரக்கில் இவை பெரும்பங்கு. உப்பில் விட்டதை வெங்காயத்தில் எடுப்பது சட்டப்படி சரி. அப்படியானால் மலைவாசி வழிச்செலவைக் கொடுக்காமல் தப்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொடுக்கிறார், அவ்வளவே.

இதன் கடைக்கோடி எடமலைக்குடி. 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி; முதுவர் குடிகள். மூணாறிலிருந்து இராஜமலை வழியாகப் பெட்டிமுடி, அங்கிருந்து காட்டுவழி. நெடுங்காலம் சரக்கு தலைச்சுமையாகவே போனது. அங்கே ஒரு பாக்கெட் மாவை அச்சிட்ட விலைக்கே விற்க வேண்டும் என்ற விதி, மாவு அங்கே போய்ச் சேராமல் இருப்பதற்குச் சமமான விதி. ரேஷன் அரிசிக்கு ஏற்றுச்செலவை அரசுப் பணத்தில் தர முடிகிறது. தனியார் பொட்டலத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை.

இந்த இடத்தில்தான் மூணாறு, தேக்கடி விடுதிகளை நினைக்க வேண்டியிருக்கிறது. 2017 டிசம்பர் 12இல் உணவக, விடுதிச் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ரோஹின்டன் நாரிமன் அமர்வு, விடுதிகளும் உணவகங்களும் புட்டித் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று தீர்த்தது. அங்கே வருபவர் வெறும் தண்ணீரை வாங்க வருவதில்லை, சூழலையும் உபசரிப்பையும் சேர்த்தே பெறுகிறார், அது தனித்த சரக்கு விற்பனை ஆகாது என்பது காரணம். தீர்ப்பின் தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் மலைப்பகுதியில் அதன் பலனைப் பாருங்கள். மேசை விரிப்புக்கும் குளிரூட்டிய அறைக்கும் சேர்த்து விடுதி விலை கூட்டலாம். அதே புட்டியைச் சுமந்து மேலேற்றிய எதிர்க்கடை 2 ரூபாய் கூட்ட முடியாது. வழிச்செலவும் ஒரு சேவைதானே என்று இத்தீர்ப்பை நேரடியாக நீட்டிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிமன்றம் பார்த்தது செலவை அல்ல, பரிமாற்றத்தின் தன்மையை. எனினும் அச்சிட்ட எண் தொடமுடியாத புனிதம் அல்ல என்பதை அது நிலைநாட்டிவிட்டது.

உச்ச விலையை நாடெங்கும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டே மலைக்குப் பொருள் சேர்க்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் சட்டங்களிலேயே சான்றுகள் உள்ளன. 45 கிலோ யூரியா மூட்டைக்கு வரியும் வேப்பம் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாய். சித்தூர் வயலுக்கும் அதே விலை, உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துக்கும் அதே விலை. அது நடப்பதற்குக் காரணம் விதியின் கண்டிப்பு மட்டுமல்ல. 2008 முதல் சீரான சரக்குக் கட்டண மானியத்தின் மூலம் ஏற்றுச்செலவை மத்திய அரசு ஏற்கிறது, விற்பனையாளரின் லாபத்தையும் தனியே குறித்திருக்கிறது. மருந்தில், 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை பட்டியல் மருந்துகளுக்கு உச்ச விலை கணிக்கும்போதே சில்லறைக் கடைக்கு 16 விழுக்காடு லாபத்தைச் சேர்த்துக் கணிக்கிறது. சமையல் எரிவாயுவில் வேறு முறை. கேரளத்தில் ஏஜென்சியிலிருந்து 5 கிலோமீட்டர் வரை தனிக்கூலி இல்லை, அதற்கப்பால் தொலைவுக்கு ஏற்ற அடுக்குக் கட்டணம் உண்டு. அதைக் குறிப்பவர் சிலிண்டர் கொண்டுவருபவர் அல்ல, மாவட்ட நிர்வாகம். மூன்றிலும் சட்டம் வழிச்செலவையோ லாபத்தையோ யார் தலையில் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பொட்டலப் பொருள் விதிகள்தாம் அதைச் சொல்லாமல் விட்டவை.

சொல்லாமல் விட்டதும் முழு உண்மையல்ல. 1997இல் மத்திய கலால் சட்டத்தில் சேர்ந்த 4ஏ பிரிவு, சில்லறை விற்பனை விலைக்குள் வரிகளோடு சரக்குக் கட்டணம், போக்குவரத்துச் செலவு, வணிகர் கமிஷன் எல்லாம் அடங்கும் என்று விளக்கியது. வேறு வேறு பகுதிகளுக்கு வேறு வேறு விலை அச்சிட்டிருந்தால் அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த விலை என்றும் ஏற்றுக்கொண்டது. அதாவது அச்சிட்ட எண்ணில் ஒரு சிறு பங்கு எல்லா ஊர் வழிச்செலவுக்குமான பொதுச் சேர்ப்பு. கொழிஞ்சாம்பாறையில் அந்தப் பங்கு தள்ளுபடியாக வாங்குபவரிடம் திரும்புகிறது. வட்டவடைக்கோ அது போய்ச் சேருவதில்லை. விநியோக வண்டி மூணாறு நகரத்தோடு நின்றுவிட்டால், மிச்ச வழிக்கான பங்கு கம்பெனியிடமோ விநியோகஸ்தரிடமோ தங்கிவிடுகிறது. மிச்ச வழியின் செலவு மட்டும் கடைக்காரருடையது.

பகுதிவாரி விலை அச்சிடலாமே என்று கேட்கலாம். நான் அதை ஏற்கவில்லை. மலைக்கென்று தனி எண் அச்சிட்ட உறை வந்த அன்றே, சமவெளிச் சரக்கை மலைக்கு ஏற்றி விற்கும் மறுவிற்பனையாளர் சட்டவிரோதி ஆகிவிடுவார். கணவாயில் நுகர்வோரைக் காக்கும் அந்தப் போட்டியும் போய்விடும். எரிவாயு முறை, அதாவது மாவட்ட நிர்வாகம் குறிக்கும் வழிக்கூலியைப் பில்லில் தனியே காட்டுவது, எடமலைக்குடி போன்ற அறிவிக்கப்பட்ட சில இடங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதைப் பரவலாக்கினால் குளிர்பானத்துக்கு ‘கூலிங் சார்ஜ்’ வாங்கும் வழக்கம் புதுப்பெயரில் ஊரெங்கும் வரும். குளிரூட்டுவது கடைக்காரர் தன் விற்பனைக்காகச் செய்வது, மலை அவர் தேர்ந்தது அல்ல என்ற வேறுபாடு ஏட்டில் தெளிவானது. சோதனைக்கு வரும் அதிகாரிமுன் அவ்வளவு தெளிவாக இராது.

எனவே முதன்மைத் தீர்வு வேறு. அச்சிட்ட விலை என்பது கடை வாசலில் சரக்கைச் சேர்க்கும் செலவு உட்பட்டது என்று 2011 விதிகளே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சேர்க்காத இடங்களில் வணிகருக்குத் தரும் விலையிலிருந்து அதற்கு ஈடான கழிவை உற்பத்தியாளர் தர வேண்டும். அக்கழிவு விலைப்பட்டியலில் தனி வரியாகத் தெரிய வேண்டும். விற்பனை விலை மீறல் வழக்கில் அந்த வரி இல்லாவிட்டால் உற்பத்தியாளரும் எதிர்த்தரப்பாக வேண்டும். இப்போது நடப்பது என்ன? அதிகாரி கடைக்குப் போகிறார், குற்றம் பெரும்பாலும் சமரசத் தொகை கட்டி முடிகிறது, எண்ணை அச்சிட்டவர் அந்தக் காகிதங்களில் எங்கும் இல்லை. நுகர்வோர் பக்கம் 2019ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் உறையில் காட்டிய விலைக்கு மேல் வாங்கியதைப் புகாருக்கான காரணமாக ஏற்கிறது. ஆனால் 2 ரூபாய்க்காகத் தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டு ஆணையத்துக்கு அலைய மாட்டார்.

உற்பத்தியாளர்கள் இதற்குச் சொல்லக்கூடிய மறுப்பில் ஒன்று வலுவானது. கேரளத்தின் இறக்குக்கூலி தமிழ்நாட்டைப் போன்றதல்ல. வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கே கேட்கும் நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் ஒழித்ததாக அறிவித்தாலும் சுமைக்கூலி ஊருக்கு ஊர் வேறு. கடை வாசல் வரை என்றால் கணிக்க முடியாத செலவைத் தங்கள் தலையில் கட்டுவதாகும் என்பார்கள். ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் கணிக்க முடியாத அந்தச் செலவை இன்று ஏற்பவர், கம்பெனியைவிடக் கணிக்கும் வசதியும் தாங்கும் வலுவும் குறைந்தவர். வசதி உள்ளவரிடம் சுமையை வைத்தால், அவர் அதை நாடு முழுவதற்குமான எண்ணில் பைசாக் கணக்கில் பரப்பிவிட முடியும்.

உச்ச விலையையே எடுத்துவிட்டுச் சந்தையிடம் விடலாம் என்ற யோசனை மலைத்தோட்டங்களில் செல்லாது. தொழிலாளர் குடியிருப்பான பாடிக்குப் பக்கத்தில் ஒரே கடை, மாதக் கணக்கில் பற்று வைத்து வாங்கும் குடும்பங்கள். அங்கே போட்டி என்பது அடுத்த எஸ்டேட் வரை நடப்பதுதான். உறை அறிவிப்புகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழ் மட்டும் படித்த தொழிலாளிக்கு அந்த உறையில் படிக்கக் கிடைப்பது அந்த எண் ஒன்றுதான். அதைப் பறிப்பதற்கு நியாயமில்லை.

திருத்தும் அதிகாரம் 52ஆம் பிரிவின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. தண்ணீர் வழக்கின் அனுபவத்துக்குப் பின் கேரளம் தனியே விலையைத் தொட முயல்வது வீண். ஆனால் விநியோகஸ்தரின் விலைப்பட்டியலைச் சோதிக்க மாநில எடையளவுத் துறைக்கு இப்போதே தடையில்லை. தமிழ்நாட்டில் அதே சட்டத்தை நடத்தும் தொழிலாளர் துறைக்கும் இல்லை. தேனியிலும் இடுக்கியிலும் ஒரே கம்பெனி தன் வணிகர்களுக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறது, எந்த ஊர் வரை வண்டி அனுப்புகிறது என்று இரு துறைகளும் சேர்ந்து ஓராண்டுப் பட்டியல்களை ஒப்பிட்டால், வழிச்செலவின் பங்கு எங்கே நின்றுபோகிறது என்பது ஊர்வாரியாகத் தெரிந்துவிடும்.